18 சதவீதத்துக்குள் என்ன இருக்கிறது?

மாதக் கடைசி ரிவ்யூ மீட்டிங்கில் ஒரு ஸ்லைடு வரும்: லேட் டெலிவரி 18 சதவீதம். போன மாதம் 16. உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், டிரைவர் சரியில்லை, கடைக்காரர்கள் ஷட்டரையே பத்தரைக்குத்தான் தூக்குகிறார்கள். டீ வருவதற்குள், 'சவுத் லைனுக்கு இன்னொரு வண்டி போட்டுடலாம்' என்று முடிவாகிவிடும். அந்த 18-க்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

டேட்டா அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பயிற்சிகளில் முக்கால்வாசி மென்பொருள்தான். ஆபீசில் தினமும் தேவைப்படுவதோ ஒரு பொறுமை. யாராவது கைவைத்து மாற்றக்கூடிய இடம் வரும்வரை ஒரு எண்ணை உடைத்துக்கொண்டே போகிற பொறுமை. பெரும்பாலும் இதற்கு எக்செல் போதும். இந்தப் பதிவு முழுக்க ஒரே உதாரணம்: மாதவரம் குடோனிலிருந்து நகரத்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், மாதம் 1,200 ஆர்டர். எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. முறை மட்டும் கம்பெனி எதுவானாலும் அதேதான்.

சென்னைக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் தரத்துக்காகத் தரப்படும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது; அதை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் அதுதான். அந்தத் தரக் கலாசாரத்தின் ஏழு கருவிகளில் ஒன்று ஸ்ட்ராட்டிஃபிகேஷன்: ஷிஃப்ட் வாரியாக, மெஷின் வாரியாக, சப்ளையர் வாரியாகப் பிரித்துப் பார்ப்பது. பவர் பிஐ டாஷ்போர்டில் ஸ்லைசர் (வகை வாரியாகப் பிரித்துக் காட்டும் பொத்தான்) வைத்துத் தட்டுகிறோமே, அதன் தாத்தா இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பென்சிலால் செக் ஷீட் நிரப்பிய சூப்பர்வைசர்களுக்கு இது கைப்பழக்கம்.

கோப்பைத் திறக்கும் முன்

ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுத வேண்டும். எதை லேட் என்கிறோம், எந்தக் காலத்துக்கு, இதை வைத்து முடிவெடுக்கப்போவது யார், எந்த எண் வந்தால் என்ன செய்வோம். கடைசி வரிதான் உயிர். பதில் எப்படி வந்தாலும் செய்யப்போவது ஒரே காரியம்தான் என்றால் அனாலிசிஸே வேண்டாம், நேரே அந்தக் காரியத்தைச் செய்துவிடலாம்.

முதல் வரியைக் கேட்டாலே சிக்கல் தெரிந்துவிடும்.

"சார், எத்தனை மணி நேரம் தாண்டினா லேட்னு கணக்கு வெக்கிறது?"

"கடைக்காரன் போன் பண்ணித் திட்டினா லேட்டுப்பா."

சிரிப்பாக இருந்தாலும் பல கம்பெனிகளில் நடப்பில் உள்ள வரையறை இதுதான். சேல்ஸ் டீம் ஆர்டர் எடுத்த நேரத்திலிருந்து எண்ணும். குடோன் பில் போட்ட நேரத்திலிருந்து எண்ணும். டிரைவர் வண்டி கிளம்பியதிலிருந்து எண்ணுவார். மூன்று பேரும் உண்மையையே சொல்வார்கள், மூன்று எண்ணும் வேறு வேறாக இருக்கும். நம் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஆர்டர் பதிவான நேரத்திலிருந்து சரக்கு முழுசாகக் கடையில் இறங்கும்வரை 48 மணி நேரம், ஞாயிறு சேராது. பத்துப் பெட்டி கேட்ட கடைக்கு ஏழு பெட்டி போயிருந்தால் டெலிவரி முடியவில்லை என்றே கணக்கு.

நேரம் எங்கெல்லாம் பதிவாகிறது

ஒரு ஆர்டருக்கு ஐந்து நேரங்கள் உண்டு: ஆர்டர், பில், சரக்கு எடுத்து வைத்தது, வண்டி கேட்டைத் தாண்டியது, கடையில் இறங்கியது. இந்த ஐந்தும் ஒரே கோப்பில் கிடைத்தால் நீங்கள் பாக்கியசாலி. வழக்கமாக ஆர்டர் நேரம் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். கேட்டைத் தாண்டிய நேரம் செக்யூரிட்டியின் நீள நோட்டில் நீல மையில் இருக்கும். இறங்கிய நேரம், கடைக்காரர் கையெழுத்துப் போட்ட சலானில் இருந்தால் உண்டு.

பில் நேரத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதன் ஒப்புதல் பதிவில் தேதியோடு மணி, நிமிடமும் இருக்கும். ஜிஎஸ்டி எண் இல்லாத கடைகளுக்குப் போடும் பில் இதில் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லிலும் நேரம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது தேவை. சின்னக் கடை பில்லில் எதிர்பார்க்க முடியாது.

செக்யூரிட்டி நோட்டை டைப் அடிக்க ஒரு ஆளுக்கு ஒன்றரை நாள் ஆகும். அந்த ஒன்றரை நாளைச் செலவழியுங்கள். கையில் இருக்கிற டேட்டாவை மட்டும் வைத்து அனாலிசிஸ் செய்வது, சாவி விழுந்த இடத்தை விட்டுவிட்டு விளக்குக் கம்பத்தடியில் தேடுகிற கதைதான்.

சுத்தம் செய்கிற வேலை

மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் இதில் போகும். போகட்டும். இங்கே விட்டால் பின்னால் எந்த சார்ட்டாலும் காப்பாற்ற முடியாது.

வந்த கோப்பை அப்படியே ஒரு ஷீட்டில் வைத்து 'ஒரிஜினல்' என்று பெயரிட்டுப் பூட்டிவிடுங்கள். வேலை எல்லாம் நகலில். அடுத்து, வரிசைகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் அக்கவுண்ட்ஸின் சேல்ஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிட வேண்டும். ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று எழுதி வைக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கேன்சல் ஆன பில், ரிட்டர்ன், சாம்பிள் என்று வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கும். அல்லது கோப்பே பாதியில் அறுந்திருக்கும். எக்செல்லின் இப்போதைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டும். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் தொற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் தவறவிட்டதற்கு இந்தப் பழைய வடிவத்தின் எல்லைதான் காரணம். நிரம்பிய பின் வந்த வரிசைகள் சத்தமில்லாமல் கீழே விழுந்துவிட்டன.

தேதிதான் பெரிய தலைவலி. கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்காவுக்கு வைக்கப்பட்டிருந்து, கோப்பில் தேதி நம் முறைப்படி நாள், மாதம் என்று வந்தால் என்ன ஆகும்? 05/11 என்பதை மே 11 என்று எடுத்துக்கொள்ளும். 13/11 வரும்போது பதின்மூன்றாவது மாதம் கிடையாதே என்று அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே, 13-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை உள்ளவை எல்லாம் கட்டத்தின் இடதுபக்கமும், 1 முதல் 12 வரை உள்ளவை வலதுபக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் விஷயம் இதுதான். இடதுபக்கம் இருப்பவற்றை மட்டும் சரிசெய்துவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். ஆபத்து வலதுபக்கம் இருக்கிறது. அவை ஒழுங்கான தேதி போலவே இருக்கும், ஆனால் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கும். டெலிவரி தேதி ஆர்டர் தேதிக்கு முன்னால் வருகிற வரிசைகளை ஃபில்டர் போட்டுப் பாருங்கள். இந்தத் தவறுகளில் ஒரு பங்கு அங்கே மாட்டும்.

நீண்ட எண்களையும் கவனிக்க வேண்டும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16-ஆவது இலக்கத்திலிருந்து பூஜ்யம். 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு தப்பித்தாலும், கட்டம் சாதாரண 'ஜெனரல்' வடிவத்தில் இருந்தால் 8.9E+12 என்பது போலச் சுருங்கித் தெரியும். அந்த நிலையிலேயே சிஎஸ்வி-யாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் திரும்பி வராது. கோப்பை எக்செல்லுக்குள் கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

பிறகு கடைப் பெயர்கள். 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்', 'ஸ்ரீமுருகன் ஸ்டோர்', 'முருகன் ஸ்டோர்ஸ் பல்லாவரம்' மூன்றும் ஒரே கடையாக இருக்கலாம், மூன்று கடையாகவும் இருக்கலாம். பெயரை வைத்து இணைக்காதீர்கள். கடையின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான ஜிஎஸ்டிஐஎன்னை வைத்து இணையுங்கள். அது 15 எழுத்து. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் முதல் இரண்டு 33, அடுத்த பத்து அந்த ஆளின் பான். நீளம் 15 இருக்கிறதா, தொடக்கம் 33-தானா என்ற இரண்டு சோதனையே பாதிக் குப்பையைப் பிடித்துவிடும். ஆனால் ஒரே முதலாளிக்குக் குரோம்பேட்டையில் ஒன்று, வேளச்சேரியில் ஒன்று எனக் கடைகள் இருந்தால் இரண்டும் ஒரே ஜிஎஸ்டிஐஎன்னில் ஓடலாம். அதனால் ஜிஎஸ்டிஐஎன்னோடு பின்கோடையும் ஒட்டி ஒவ்வொரு கடைக்கும் ஒரு அடையாளச் சாவி செய்யுங்கள். ஜிஎஸ்டி இல்லாத கடைக்குப் பத்து இலக்க மொபைல் எண்.

இரண்டு ஷீட்டை விலுக்அப் (ஒரு ஷீட்டில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் எக்செல் ஃபார்முலா) போட்டு இணைக்கும்போது நடக்கும் விபத்துகள் மூன்று. ஃபார்முலாவின் நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டால் 'கிட்டத்தட்டப் பொருந்துவதை' எடுக்கும். அங்கே ஃபால்ஸ் என்று எழுதியே ஆகவேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை ட்ரிம் நீக்கும். ஆனால் வெப்பக்கத்திலிருந்து காப்பி செய்ததில் வரும் 160-ஆம் எண் வெற்றிடத்தை நீக்காது. அதற்கு சப்ஸ்டிட்யூட் வேண்டும். மூன்றாவது, கடைப் பட்டியல் உள்ள மாஸ்டர் ஷீட்டில் ஒரு கடை இரண்டு முறை இருந்தால் விலுக்அப் முதலாவதை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். அதே வேலையை பவர் குவெரியிலோ எஸ்க்யூஎல்லிலோ செய்தால் வரிசையே இரட்டிப்பாகும். 1,200 ஆர்டர் திடீரென்று 1,263 ஆகிவிட்டால் அதிர்ஷ்டம், கண்ணில் பட்டுவிட்டது. ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னும் எண்ணிக்கையைப் பார்ப்பதைப் பல் துலக்குவது மாதிரிப் பழக்கமாக்குங்கள்.

கடைசியாக, காலிக் கட்டம். இன்னும் போய்ச் சேராத ஆர்டருக்கு டெலிவரி நேரம் காலியாக இருக்கும். ஆவரேஜ் ஃபார்முலா காலியைத் தாண்டிப் போய்விடும். அதாவது, இருப்பதிலேயே மோசமான ஆர்டர்கள் கணக்கிலிருந்து தானாகக் கழன்றுகொண்டு, சராசரி அழகாகத் தெரியும். 48 மணி தாண்டியும் காலியாக இருப்பதை லேட் என்று குறியுங்கள். 48 மணி இன்னும் ஆகாததைத் தனியே ஒதுக்குங்கள்.

நேரக் கணக்கில் ஒரு சின்னக் குறிப்பு. தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் விடை நாளில் வரும். மணிக்கு 24-ஆல் பெருக்க வேண்டும். வேலை நாளை எண்ண நெட்வொர்க்டேஸ் போட்டால் சனி, ஞாயிறு இரண்டையும் கழித்துவிடும். நம் ஊர் வியாபாரத்துக்கு சனிக்கிழமை வேலை நாள். நெட்வொர்க்டேஸ் டாட் இன்ட்ல் (NETWORKDAYS.INTL) எடுத்து, வார விடுமுறை எண்ணாக 11 கொடுத்தால் ஞாயிறு மட்டும் போகும்.

உடைத்தல்

1,200 ஆர்டரில் 216 லேட். 18 சதவீதம். லைன் (டெலிவரிப் பாதை) வாரியாகப் பிரித்தால்: நார்த் லைன் (பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம்) 400-க்கு 48, வெஸ்ட் லைன் (அண்ணா நகர், அம்பத்தூர், ஆவடி) 450-க்கு 54, சவுத் லைன் (பல்லாவரம், தாம்பரம், ஓஎம்ஆர்) 350-க்கு 114. முதல் இரண்டும் 12 சதவீதம். சவுத் கிட்டத்தட்ட 33.

மீட்டிங்கில் சொன்னது சரிதான் போலிருக்கிறதே, வண்டி போட்டுவிடலாம் என்று இங்கே நிறுத்துகிறவர்கள்தான் பெரும்பான்மை. இன்னும் ஒரு முறை உடைக்க வேண்டும். ஆர்டர் வந்த நேரத்தை வைத்து, மதியம் 3 மணிக்கு முன், பின்.

நார்த்தில் 3 மணிக்கு முன் 320 ஆர்டர், லேட் 16. பின் 80, லேட் 32. வெஸ்டில் முன் 350, லேட் 18. பின் 100, லேட் 36. சவுத்தில் முன் 150, லேட் 18. பின் 200, லேட் 96. லைன் வித்தியாசம் பார்க்காமல் கூட்டினால், 3 மணிக்கு முன் வந்த 820-இல் 52 லேட், சுமார் 6 சதவீதம். பின் வந்த 380-இல் 164 லேட், 43 சதவீதம்.

ஏன் இப்படி? இதைக் கோப்புக்குள் தேடக் கூடாது, குடோனில் போய் நிற்க வேண்டும். திங்கள் காலை 11 மணிக்கு வந்த ஆர்டருக்கு மாலைக்குள் பில் ஆகி, இரவு லோடு ஏறி, செவ்வாய் காலை 8 மணி வண்டியில் போய்விடும். மாலை ஆறு மணிக்குக் கடையில் இறங்கினாலும் 31 மணி நேரம்தான். திங்கள் மாலை 4 மணி ஆர்டருக்கு பில் போட அன்று ஆள் இருக்காது. பில்லிங் கவுன்ட்டர் நான்குக்கே அன்றைய கணக்கை முடிக்கத் தொடங்கிவிடும். செவ்வாய் காலை பத்து மணிக்கு பில். அதற்குள் எட்டு மணி வண்டி வடபழனியைத் தாண்டியிருக்கும். அடுத்த வண்டி புதன் காலை 8 மணி. அந்தக் கடை லைனின் முதல் பாதியில் இருந்தால் 48 மணிக்குள் தப்பிக்கும். கடைசிப் பாதியில், கேளம்பாக்கம் பக்கம் இருந்தால் புதன் மாலை 4 மணி தாண்டிவிடும். 3 மணிக்குப் பின் வந்ததில் ஏறக்குறைய பாதி லேட், பாதி இல்லை என்று எண்கள் காட்டியது இதைத்தான்.

சரி, சவுத்தில் மட்டும் ஏன் மதிய ஆர்டர் இவ்வளவு? சேல்ஸ் ரெப்பின் பீட்டை, அதாவது எந்தக் கடைக்கு எப்போது போகிறார் என்ற சுற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். காலையில் பக்கத்துக் கடைகளை முடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாம்பரம் பக்கம் போகிறார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சவுத்துக்கும் நார்த் மாதிரி 80 சதவீத ஆர்டர் 3 மணிக்கு முன் வந்திருந்தால்? 350-இல் 280 ஆர்டர் 12 சதவீதத்திலும் 70 ஆர்டர் 48 சதவீதத்திலும் லேட் ஆகும். 33.6-ம் 33.6-ம் கூட்டினால் 67. சதவீதத்தில் 19. ஆக, 33-லிருந்து 12 வரை உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்டர் நேரத்தால் வந்தது. தூரத்துக்கும் டிராஃபிக்குக்கும் மிஞ்சுவது 7 புள்ளி, அதாவது மாதம் 25 ஆர்டர். மீட்டிங்கில் கேட்ட குட்டி யானை வண்டிக்கு வாடகை, டிரைவர், டீசல் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் என்று வைத்தால், அது அந்த 25-ஐயும் முழுசாகக் காப்பாற்றினாலும் ஒரு ஆர்டருக்கு 1,600 ரூபாய். பீட்டைத் திருப்பிப் போட ஆகும் செலவு, ரெப்பின் முணுமுணுப்பு.

இப்படி மொத்தம் ஒன்று சொல்ல, பிரித்தால் வேறொன்று தெரிவதற்குப் பாடப்புத்தக உதாரணம் பெர்க்லி பல்கலைக்கழகம். 1973 சேர்க்கையில் விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதமும் பெண்களில் 35 சதவீதமும் இடம் பெற்றார்கள். துறை வாரியாகப் பார்த்தபோது அந்த வேற்றுமை பெரும்பாலும் கரைந்துபோனது. பெண்கள் இடம் கிடைக்கக் கடினமான துறைகளுக்கு அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

உடைப்பதற்கும் எல்லை உண்டு. கடை வாரி, கிழமை வாரி, டிரைவர் வாரி என்று போய்க்கொண்டே இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் நாலைந்து ஆர்டர்தான் மிஞ்சும். ஐந்துக்கு இரண்டு லேட் என்பதை 40 சதவீதம் என்று எழுதுவது ஏமாற்று. ஒரு கட்டத்தில் 30 ஆர்டருக்குக் கீழே இருந்தால் சதவீதம் போடாமல் 'ஐந்தில் இரண்டு' என்றே எழுதுங்கள்.

சராசரியைப் பற்றி ஒரு வார்த்தை

பத்து ஆர்டர் எடுத்த மணி நேரம்: 20, 22, 24, 24, 26, 26, 28, 30, 32, 168. சராசரி 40. அந்தப் பத்தில் 40-க்குப் பக்கத்தில்கூட ஒன்றும் இல்லை. நடு எண் (மீடியன்) 26. ஒன்பது ஆர்டர் 32-க்குள் முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் ஒரு வாரம் அலைந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் மீடியனையும், பத்தில் ஒன்பது எதற்குள் முடிகிறது என்பதையும் கொடுங்கள். அந்த 168-ஐத் தனியாக எடுத்து, அந்தக் கடைக்காரருக்கு போன் போட்டுக் கேளுங்கள்.

16-லிருந்து 18 ஏறியது ஏற்றமா?

லேட்டான 18-ஐயும் லேட் ஆகாத 82-ஐயும் பெருக்கி, 1,200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 1.1. அதன் மும்மடங்கு 3.3. எதுவுமே மாறாவிட்டாலும் மாத எண் 14.7-க்கும் 21.3-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும். இயல்பான ஆட்டம் எது, உண்மையான மாற்றம் எது என்று பிரித்துக் காட்ட வால்டர் ஷூஹார்ட் 1924 மே மாதம் பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வரைந்து காட்டிய கன்ட்ரோல் சார்ட்டின் கணக்கு இது. ஆக, 16 போய் 18 வந்ததற்குக் காரணம் சொல்லச் சொல்லி டீமை உட்கார வைப்பது வீண். பகடையில் விழுகிற எண்ணுக்கெல்லாம் காரணம் கேட்க முடியாது. 18 ஏன் எப்போதும் 18-ஐச் சுற்றியே இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடும்போது இன்னொரு கண்ணி, நம் காலண்டர். ஜவுளி, ஸ்வீட், பட்டாசு, ஏன் பெட்டிக்கடை சரக்குக்கும்கூட தீபாவளிதான் உச்சம். 2023-இல் அது நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2024 அக்டோபரை 2023 அக்டோபரோடு ஒப்பிட்டால் விற்பனை பாய்ந்தது போலத் தெரியும், நவம்பரை ஒப்பிட்டால் படுத்தது போலத் தெரியும். இரண்டும் பொய். இந்தத் தீபாவளிக்கு முந்தைய 30 நாளை, போன தீபாவளிக்கு முந்தைய 30 நாளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கும் அப்படியே. அது ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை போவதால், ஆங்கில மாதக் கணக்கு அதை இரண்டாக வெட்டிவிடும். வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் செய்த டாஷ்போர்டுக்கு இதெல்லாம் தெரியாது. காலண்டர் டேபிளில் 'தீபாவளிக்கு எத்தனை நாள்' என்று ஒரு நெடுவரிசையை நாம்தான் சேர்க்க வேண்டும்.

மேலதிகாரி முன்னால் வைப்பது

ஒரு பக்கம் போதும். முதல் வரியில் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவு, எவ்வளவு லாபம். 'சவுத் லைன் ரெப்பின் பீட்டைக் காலைக்கு மாற்றினால், 3 மணிக்குப் பின் வரும் 200 ஆர்டரில் 120 முன்னால் நகரும். லேட் 43 குறையும். மொத்தம் 18 சதவீதம் சுமார் 14 ஆகும்.' அதன் கீழே ஒரே ஒரு பார் சார்ட், பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பார். பை சார்ட் வேண்டாம். தொகைகளை மில்லியனில் போடாதீர்கள். முதலாளி லட்சத்தில்தான் யோசிக்கிறார்.

அந்த 43 எப்படி வந்தது என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். 120 ஆர்டரின் லேட் 48 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்கும் என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. நகரும் ஆர்டரெல்லாம் காலை ஆர்டர் போலவே நடந்துகொள்ளும் என்பது ஊகம். பாதிதான் பலித்தாலும் 22 குறையும் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பிறகு வேறு யாரும் சொல்வதற்கு இருக்காது. டிரைவரைப் பற்றி மீட்டிங்கில் பேசியிருந்தால், இந்தப் பக்கத்தில் அவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலை. எண்கள் அவரைக் குற்றம் சொல்லவில்லை.

மாற்றிய பிறகு

பீட்டை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், மற்ற இரண்டு லைனையும் தொடாமல். மழை, பண்டிகை என்று எது வந்தாலும் மூன்று லைனுக்கும் சேர்ந்துதான் வரும். நார்த்தும் வெஸ்டும் அளவுகோலாக நிற்கும். பலனை மொத்த எண்ணில் தேடாதீர்கள். முழுசாகப் பலித்தால்கூட 14.4, அது 14.7 என்ற கோட்டை உரசிக்கொண்டுதான் நிற்கும். சவுத் லைனில் மட்டும் பார்த்தால் 114 என்பது 71 ஆகும். 33 சதவீதம் 20 ஆகும். 350 ஆர்டருக்கு ஆட்டத்தின் அளவு சுமார் 7.5 புள்ளி, இறக்கம் 12 புள்ளி. ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். பாதிப் பலன்தான் என்றால் இறக்கம் 6 புள்ளி. இரண்டாவது மாதமும் காத்திருக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால், முதல் மாத முடிவில் 'ஒண்ணும் பெருசா மாறலியே' என்று திட்டத்தை மூடிவிடுவார்கள்.

எண்ணைக் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்ததும் எண்ணும் நடிக்கத் தொடங்கும். டிரைவர் தெருமுனையிலேயே ஆப்பில் 'டெலிவர்டு' தட்டிவிடுவார். நான்கைந்து கடைக்கு ஒரே நிமிடத்தில் டெலிவரி பதிவாகியிருந்தால் நடந்தது இதுதான். ரெப் மாலை 4 மணிக்குக் கிடைத்த ஆர்டரைப் பையிலேயே வைத்திருந்து மறுநாள் காலை 9 மணிக்குப் பதிவார். காகிதத்தில் லேட் குறையும், கடைக்காரருக்கு ஒன்றும் குறையாது. இதைப் பிடிக்க, காலை 9 முதல் 9.30 வரை பதிவாகும் ஆர்டர் எண்ணிக்கையை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். மாதம் 20 இருந்தது 90 ஆகியிருந்தால், அந்தப் பட்டியலிலிருந்து பத்துக் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி, "அண்ணே, ரெப் உங்ககிட்ட ஆர்டர் எழுதினது எத்தனை மணிக்கு?" என்று போனில் கேளுங்கள்.